தள்ளி வைத்த கூடை

மேசையின் தலைப்பக்கத்தில் தலைவரான பல் டாக்டர். அவருக்கு வலப்புறம், ஜன்னலை அடைத்துக்கொண்டு செயலாளரின் மச்சினன். எதிரே, சுவரில் முதுகைச் சாய்த்தபடி, எறிமேடைகளுக்குப் பலகை அடித்துத்தரும் ஆசாரி. கதவோரம், தாள் பறந்துவிடாதபடி முழங்கையை ஊன்றிக்கொண்டு செயலாளர்.

மேடையில் நின்று தட்டை வீசித் தூரத்துக் கூடையில் விழவைக்கும் தட்டெறியும் சங்கத்தில் செயலாளருக்கு முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். எதையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி முடிக்கிற மனிதர்.

பூங்கா அலுவலகம் கேட்டிருந்தது சின்ன விஷயம். காட்டுக்குள் இருக்கும் ஏழாவது ஆட்டக்களத்தில் மேடைக்கு இரண்டு இடம், கூடைக்கு இரண்டு இடம். போட்டியில் தட்டை மேட்டிலிருந்து வீசுவதா, பள்ளத்து மேடையிலிருந்தே வீசுவதா? சங்கிலி தொங்கும் கூடை இப்போதுபோல வெட்டவெளியில் நிற்பதா, மரவரிசைக்குப் பின்னால் போவதா? முடிவு எதுவும் வராவிட்டால் இப்போது இருக்கிறபடியே நடக்கும்.

மேடை விஷயம் உடனே தீர்ந்தது. மேட்டில் வேர் புடைத்துக் கிடக்கிறது, பலகை உட்காராது என்றுவிட்டார் ஆசாரி. கூடைதான் செயலாளருக்குச் சிக்கல். அவர் வீசும் தட்டு நேராகப் போகும். வளைந்து போ என்றால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். மச்சினனை அவர் ஜெயிப்பது ஏழாவதில் மட்டும்தான். அதுவும் போனால், நாளெல்லாம் தம்பி புராணம் பாடுகிற மனைவிக்கு முன்னால் வாயே திறக்க முடியாது.

மச்சினன் மரவரிசையின் மகிமையை விளக்கிக்கொண்டே போனான். தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை; கிளினிக்கில் யாரோ வாயைப் பிளந்தபடி காத்திருந்தார்கள்.

"சுருக்கமா சொல்றேன். கூடையைத் தள்ளி வெச்சிடுவோம்," என்றான் மச்சினன்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்று தலைவர் எழுந்துவிட்டார். "தள்ளி வெச்சிடலாம். எனக்கும் நேரமில்லை."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒருவர் தூரத்தில் வைக்கச் சொன்னார், இன்னொருவர் வேறொரு நாளைக்கு வைக்கச் சொன்னார். ஆசாரி எதற்குக் கை தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. எதற்கெடுத்தாலும் 'அதாவது?' என்று கேட்டுக் கழுத்தை அறுக்கும் செயலாளர் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

'கூடை பற்றிய முடிவு தள்ளி வைக்கப்பட்டது' என்று பூங்கா அலுவலகத்துக்கான கடிதத்தில் எழுதி, முறைப்படி உரக்கப் படித்தார். மச்சினன் அப்போது போனில் அக்காவுக்கு வெற்றிச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தான். 'தள்ளி' என்பது காதில் விழுந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தலைவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

செயலாளர் கடிதத்தை உறையில் இட்டார். எழுதியதில் பொய் இல்லை, தலைவர் சொன்னதுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மச்சினனிடம் விளக்கிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"மாமா, இனிமே ஏழாவதுக்குத் தட்டெல்லாம் தூக்கிட்டு வராதீங்க," என்றான் அவன். "குடத்தோட வாங்க. எப்படியும் ஒவ்வொரு மரமா போய் நிக்கப்போறீங்க, தண்ணியாவது ஊத்தலாம்."

ஆசாரி சிரித்தார். செயலாளர் உறையின் ஓரத்தில் பசையைத் தடவி, மூலைவரை அழுத்தி ஒட்டினார்.

"குடுங்க, போற வழிதானே, நானே போட்டுடறேன்," என்று கை நீட்டினான் மச்சினன்.

"பத்திரம்ப்பா," என்று கொடுத்துவிட்டு, செயலாளர் வாசலில் நின்று பார்த்தார். மச்சினன் விசிலடித்துக்கொண்டே தெருமுனைத் தபால்பெட்டியில் அதைப் போட்டான். உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுத் துழாவியும் பார்த்துக்கொண்டான்.