எறும்புக்கு ஒரு சாயங்கால இடம்

அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்ததே கிடையாது. ஆவி முனக ஆரம்பித்ததும் அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்துவிடுவாள். அழைப்பு மணியின் ஒயரை எப்போதோ பிடுங்கியாயிற்று. கதவிடுக்குகளில் பழைய துணி செருகியிருக்கும். தட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல், நடுவில் துண்டு மடித்து அடுக்கியிருக்கும். எல்லாம் அப்பாவின் இரவு வேலைக்காக. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க மெஷினோடு நின்றுவிட்டு, ஊர் பல் துலக்கும் நேரத்தில் வந்து படுப்பார். பகலில் தூங்குகிறவனை உலகம் சோம்பேறி என்றுதான் நினைக்கும். அந்த வீடு மட்டும் அவரைத் தொட்டில் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டது.

மகளுக்கு ஏழு வயது. நடப்பதே தெரியாமல் நடப்பாள். அதனால் எறும்பு என்று பெயர் வந்துவிட்டது. பசித்தால் வயிற்றைத் தட்டிக் காட்டுவாள். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்ப்பாள். டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பாள். யார் என்ன சொல்கிறார்கள் என்பதை அவளே முடிவுசெய்துகொள்வாள். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தோளைக் குலுக்குவாள். வந்த விருந்தாளிகள் குழந்தை அழுகிறது என்று பதறியிருக்கிறார்கள்.

ஒரே வாரத்தில் இரண்டு விஷயங்கள் வந்து சேர்ந்தன. அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை பார்த்துவந்தாள்; இனி முழு நாள் வரச் சொன்னார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டாவது, வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணால ஒரு தொந்தரவும் இல்ல. அதுதான் பெரிய தொந்தரவு" என்றார் டீச்சர். "எல்லாப் பதிலும் தெரியுது. எழுதிக் காட்டறா. சொல்லச் சொன்னா உதடு மட்டும் அசையுது. முந்தாநாள் கதவுல விரல் மாட்டிக்கிட்டு ரத்தம் வருது, சத்தமே போடாம நிக்கிறா. பக்கத்துல இருந்த பிள்ளை கத்தித்தான் எனக்கே தெரிஞ்சுது. நாளைக்கு ரோட்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவா? எப்படிக் கூப்பிடுவா?"

அம்மாவுக்கு அன்று கடையில் கை ஓடவில்லை. ஒரு பெரியவரின் கண்ணாடியில் இடது வலது மாற்றிப் பொருத்திவிட்டாள்; அவர் படியைத் தேடிக் காலை வைத்துத் தடுமாறினார்.

சாயங்காலம் அப்பா எழுந்து முகம் கழுவி வந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"ஸ்கூல் விட்டதும் எங்கேயாவது சேர்க்கணுங்க. நல்ல இடமா."

"நல்ல இடம்னா?"

"அவ வாயைத் திறக்கணும்."

"உன்னை மாதிரியா? அப்புறம் என் பொழப்பு மத்தளம்தான். ரெண்டு பக்கமும் இடி."

"விளையாடாதீங்க. நீங்களும் வந்து பாருங்க. ஒரு நாள் தூங்கலைன்னா குடி முழுகிடாது."

அவர் வந்தார். கண் இரண்டும் சிவந்து, கொட்டாவியை மறைக்க அடிக்கடி மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

முதல் இடம் மனக்கணக்கு மையம். கண்ணாடிக் கதவு, வழவழப்பான தரை, டை கட்டிய ஓர் ஆள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மணிச் சட்டத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கவனிங்க சார். ஊசி விழுந்தா கேக்கும்" என்றார் டை.

அப்பாவும் அம்மாவும் கவனித்தார்கள். அப்பா தன்னையறியாமல் குதிகாலைத் தூக்கி நடந்தார். எறும்பு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது எது தங்கள் பிள்ளை என்று அம்மாவுக்கே கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இது எங்களுக்குன்னே பொறந்த குழந்தை" என்று டை உருகினார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "எவ்வளவு அமைதி! எனக்குப் பிடிச்சுப்போச்சு."

"எனக்கும்தான்" என்றார் அப்பா. நாலு எட்டு வைத்த பிறகு நின்றார். "ஏம்மா, நாம அமைதியைத் தேடியா வந்தோம்?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வைக்கோலைப் பார்த்த மாடு மாதிரி இருவரும் பழகிய வாசனைக்கே போய் நின்றிருக்கிறார்கள்.

அடுத்தது மேடைப் பேச்சு வகுப்பு. பால் பல் விழுந்த ஒரு சிறுமி முஷ்டியை உயர்த்தி, "அன்பார்ந்த பெரியோர்களே!" என்று முழங்கிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த ஒரே பெரியவர் வாசலில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர். எறும்பு அப்பாவின் கால்களுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"கவலையே படாதீங்க. மைக்கைக் கையில கொடுத்தா கல்லும் பேசும்" என்று பேச்சு வாத்தியார் அவள் கையில் மைக்கைத் திணித்தார். அவள் உதட்டை அசைத்தாள். ஸ்பீக்கரில் புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. வாத்தியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார், ஸ்பீக்கரைக் குத்தினார்.

"காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பாவமாக.

மூன்றாவது இடத்தைப் பற்றிச் சொன்னது கண்ணாடி மாற்ற வந்த ஒரு வாடிக்கையாளர். பழைய மரச்சாமான் கிடங்கு; பள்ளி விட்ட பிள்ளைகளை இப்போது அங்கே பார்த்துக்கொள்கிறார்கள். நடத்துவது ஹாரன் அத்தை. அந்த அம்மாள் பல காலம் பள்ளி வேன் ஓட்டியவள். வேனில் ஹாரன் கெட்டுப்போன ஒரு மழைக்காலம் முழுவதும் ஜன்னலில் தலையை நீட்டித் தன் தொண்டையாலேயே வழி வாங்கியவள் என்று பேச்சு.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனதும் சத்தம் முகத்தில் அறைந்தது. ஒரு மூலையில் பிள்ளைகள் மரத்துண்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் காலி பெயிண்ட் டின்களைக் கவிழ்த்து ஒருத்தன் கொட்டு கொட்டென்று கொட்டினான். ஷட்டர் மீது பந்து மோதிக்கொண்டே இருந்தது. உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதுகிறவர்கள் அந்த இரைச்சலிலும் ஒருவரை ஒருவர் கத்திக் கேட்டு எழுதினார்கள்.

"வாங்க! உள்ள வாங்க! ஆணி கிடக்கும், பாத்து!" ஹாரன் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டுதான் இவ்வளவு சத்தமாகச் சொன்னாள். "பாப்பா பேரென்ன?"

எறும்பு உதட்டை அசைத்தாள்.

"கேக்கல கண்ணு. பரவால்ல, மெதுவா சொல்லு. நான் எங்கயும் ஓடிப்போகல."

அம்மா ஹாரன் அத்தையோடு பேச ஒதுங்கினாள். முதலுதவிப் பெட்டி எங்கே, கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, சுத்தியலைக் கொடுக்கும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஹாரன் அத்தை சலிக்காமல் கூட்டிப்போய்க் காட்டினாள். அப்பா சுவரோரம் அடுக்கியிருந்த விளையாட்டு மெத்தைகளில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். அவ்வளவுதான். வாய் திறந்துகொண்டது.

எறும்பு அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தன் கடமை தெரியும்.

முதலில் டின் கொட்டுகிறவன் முன்னால் போய் நின்று, இரண்டு குச்சிகளையும் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். உதட்டில் விரலை வைத்து, மெத்தையைக் காட்டினாள். ஆணி அடிக்கிறவர்களிடம் போனாள். சுத்தியல்கள் தாழ்ந்தன. கத்தவிருந்த ஒருத்தியின் வாயை உள்ளங்கையால் மூடினாள். பந்தைப் பிடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கிடங்கு அடங்கிப்போயிற்று.

ஹாரன் அத்தை வாயைப் பிளந்தாள். "எம்மா! நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு நாள் நடக்காதது இது" என்றாள், ஒரு கிசுகிசுப்பில்.

அந்த நொடியில் அப்பா துள்ளி எழுந்தார்.

"எந்த லைன் நின்னுச்சு? யாரு நிறுத்துனது?" என்று காலால் செருப்பைத் துழாவினார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா ஓடிவந்தாள். "என்னங்க, கனவா? யாரும் சத்தமே போடலையே!"

"அதான் முழிச்சேன்." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "மெஷின் ஓடுறவரைக்கும் சாப்பாட்டு நேரத்துல பக்கத்துலயே படுத்துக் கண் அசந்துடுவோம். நின்னாத்தான் வினை. அட்டை சிக்கிடுச்சுன்னு அர்த்தம், எல்லாரும் ஓடணும். சத்தம் நின்னா எனக்குத் தன்னால முழிப்பு வந்துடும்."

அம்மா அவரையே பார்த்தாள். "அப்ப வீட்டுல?"

"வீட்டுல எங்க தூங்கறேன்? நீங்க ரெண்டு பேரும் சத்தம் போடாம இருக்கறதைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்."

"இத்தனை வருஷமா குக்கரை ஒரு விசில் அடிக்க விட்டிருப்பேனா நான்? ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கே. எப்படிச் சொல்றது?"

"இந்தக் குடும்பத்துல வாய் திறக்காதது பொண்ணு மட்டும் இல்ல போலிருக்கே!" என்றாள் ஹாரன் அத்தை. அவளுடைய பழைய தொண்டை திரும்பியிருந்தது.

எறும்பு பந்தின் மேல் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கேட்டாள். அப்பாவை முறைத்தாள். எழுந்து போய் டின் முன்னால் நின்றாள். டின்காரன் குச்சிக்காகக் கையை நீட்டினான். அவள் தரவில்லை. டின்னை ஒரு தட்டு தட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் சாய்ந்தார். இன்னும் பலமாகத் தட்டினாள். அவர் கண்ணை மூடினார். பிறகு அவள் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சுத்தியல்களும் ஷட்டரும் சேர்ந்துகொண்டன. அப்பாவின் குறட்டையை அதன்பின் யாராலும் கேட்க முடியவில்லை.

வெளியே வெயில் இறங்கியது. அவருக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம் நெருங்கியது. அம்மா தூரத்திலிருந்து மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினாள்: கிளம்பு. எறும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா மறுபடி சுழற்றினாள். எறும்புக்குத் திடீரென்று கண் தெரியாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் அம்மா குரலை உயர்த்தினாள்.

"ஏய், எறும்பு! அப்பாவை எழுப்பு, போலாம்!"

"மாட்டேன்!"

நீண்ட நாள் திறக்காத குழாயைத் திறந்ததுபோல் முதலில் கரகரவென்று காற்றும் துருவும் வந்தன. அடுத்து வந்தது கிடங்கின் மூலை முடுக்கெல்லாம் எட்டியது.

"மாட்டேன்! அப்பா தூங்குறாருல்ல? யாரும் எழுப்பாதீங்க!"

ஹாரன் அத்தை ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். "இந்தத் தொண்டைய எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? நாளைக்கே அனுப்பிவைங்க. எனக்கு ஒரு ஆள் குறையுது."

எதிர்த்துப் பேசிய பிள்ளையை அதட்ட வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. அதட்டவில்லை.

"சரி, இன்னும் கொஞ்ச நேரம்!" என்று அவளும் கத்தினாள். கத்தாவிட்டால் கேட்டிருக்காது.