நான்காவது ஸ்லைடில் ஒரு திருத்தம்

குன்னத்தில் பஸ் முழுதாக நிற்பதற்குள்ளேயே லூர்துராஜ் இறங்கிவிட்டார். அரியலூரில் கணினி ஆசிரியர் அவர். அன்று காலை பெரம்பலூரில், தொண்டு நிறுவன அலுவலகச் சுவரில் அந்தத் தாளைப் பார்த்தார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி, டாக்டரிடம் கேட்டு அவர் தயாரித்த ஸ்லைடுகளில் நான்காவது. குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கும் கரைசலுக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று எழுதியிருந்தார். சுவரிலோ லிட்டர் போய், ‘ஒரு சொம்பு தண்ணீர்’ வந்திருந்தது. கீழே அவர் பெயர் மட்டும்.

கோபப்படவும் வழியில்லை. யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம்; மாற்றினால் யார், எதை மாற்றினார் என்று எழுத வேண்டும் என்று கடைசி ஸ்லைடில் உரிமம் போட்டவர் அவரேதான். ஆனால் சொம்பு சிறியதென்றால் உப்பு ஏறிவிடும். கைக்குழந்தை தாங்காது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

மாற்றியவர் குன்னத்துச் சுகாதாரத் தொண்டர் பிரவீணா என்று கண்டுபிடிக்கவே மதியமாகிவிட்டது.

“லிட்டர்னா எங்க ஊரு பொம்பளைங்களுக்குப் புடிபடலீங்க சார்” என்றாள் அவள். “அதான் சொம்புன்னு போட்டேன்.”

“மாத்தலாம்மா. உன் பேரை ஏன் போடல?”

“நீங்க வாத்தியார். உங்க பேருக்குப் பக்கத்துல எம்பேரா? நல்லாவா இருக்கும்?”

“போட்டிருந்தா காலையிலேயே உன்னைப் புடிச்சிருப்பேன். சொம்பைக் கொண்டா.”

லிட்டர் பாட்டிலிலிருந்து அவள் ஊற்றினாள். சொம்பு வழிந்தது. பாட்டிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் மிச்சமிருந்தது. “அப்ப உப்பு கிட்டத்தட்ட ரெண்டு பங்கா சார்?” என்றாள் பிரவீணா.

“வேற யாருக்குக் குடுத்த?”

“ரெண்டு பேருக்கு சி.டி. குடுத்தேன் சார். பூமாலைக்கும் ஆனி ரோஸுக்கும். அவங்களும் என்னை மாதிரி தொண்டருங்கதான்.”

இருவருக்கும் லூர்துராஜ் போன் செய்தார். பூமாலை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. திருமழபாடியிலிருந்து ஆனி ரோஸ் உற்சாகமாகப் பேசினாள். “நேத்தே காட்டிட்டேன் சார்! நாப்பது பேரு. எல்லாரும் எழுதிக்கிட்டாங்க.”

“எந்த சொம்புன்னு யாராவது கேட்டாங்களா?”

“யாரும் கேக்கலீங்களே. ஏன் சார்?”

அவர் விஷயத்தைச் சொன்னார். ஆனி ரோஸ் மெல்ல, “மூணு வூட்டுல புள்ளைங்களுக்கு வயித்தால போவுது சார்” என்றாள்.

“அந்த மூணு வூட்டுக்கு இப்பவே ஓடு. கலக்கி வச்சதைக் கொட்டச் சொல்லு. புள்ளைங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. போனதும் எனக்கு போன் பண்ணு. நாங்க வர்றோம்.”

பிரவீணா பாட்டிலைப் பையில் வைத்தாள். பஸ்ஸில், லூர்துராஜ் பெரம்பலூரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த சுவர்த்தாளை மடியில் விரித்து, ‘சொம்பு’ என்பதை அடித்து ‘லிட்டர்’ என்று எழுதினாள். திருத்தியவர் என்று தன் பெயரையும் தேதியையும் சேர்த்தபோது, பஸ் குலுங்கி எழுத்து கோணியது. லூர்துராஜ் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் ஒலிக்கவில்லை.