காளைகள் படுக்கும் திசை

கறிக்கு மாடு வளர்க்கும் அந்தக் கொட்டகையில் காளைகள் தாங்கள் தின்ற தானியம் விளைந்த திசையைப் பார்த்துத்தான் படுத்தன. முதல் வருடம் ஊர் வேடிக்கை பார்த்தது, அப்புறம் விட்டுவிட்டது. பிஸ்கட் கம்பெனி உடைசலுக்கும் ஜூஸ் ஆலையின் பழத்தோலுக்கும் காது மட்டும் அந்தந்தப் பக்கம் லேசாகத் திரும்பும். தானியத்துக்குத்தான் உடம்பு முழுக்கத் திரும்பும். கொட்டகைக்காரி எல்லாத் தீனியையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கலப்பாள். தம்பி அனுப்பும் மக்காச்சோளத்தை மட்டும் அப்படியே கொட்டுவாள். அப்பா விட்டுப்போன நிலத்தைத் தம்பி உழுதான். அவள் பங்கு வருடாவருடம் மூட்டையாக வந்து இறங்கியது. கூடப்பிறந்தவனையுமா சோதிப்பார்கள்? பதினொரு காளைகளும் வடக்கே, அந்த நிலத்தைப் பார்த்துப் படுத்திருந்தன.

தீனியை ஒரே நாளில் மாற்றினால் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் அந்த வருடத்துப் புதுச் சோளத்தையும் வழக்கம்போல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாள். காளைகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பத்தாம் நாள் பதினொன்றும் தெற்கே, துறைமுகத்தைப் பார்த்துப் படுத்தன. அவள் காளைகளைத்தான் சந்தேகப்பட்டாள். கயிற்றைப் பிடித்து வடக்கே இழுத்துப் பார்த்தாள். மாட்டு டாக்டர் வந்து காதையும் சாணத்தையும் பார்த்தார்.

"மாட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா. சோளம் கப்பல்ல வந்திருக்கு, அவ்வளவுதான்."

"அது தம்பி மூட்டை, டாக்டர்."

"அப்ப அவரைத்தான் பார்க்கணும். எனக்கு மாடு மட்டும்தான் தெரியும்."

அவள் பஸ் பிடித்துப் போனாள். நிலம் இருந்த இடத்தில் தகரக் கிடங்கும் லாரி நிற்கும் சிமெண்ட் தளமும் இருந்தன. போன அறுவடை முடிந்ததுமே கைமாறிவிட்டதாம். விற்ற பத்திரத்தில் இருந்தது அவள் கையெழுத்துதான். பம்புசெட்டுக்குக் கரண்ட் வாங்க என்று தம்பி நீட்டிய தாள்களில், படிக்காமல் போட்டது.

"சொன்னா வருத்தப்படுவேன்னுதான்க்கா, மூட்டையை நிறுத்தாம அனுப்பினேன்" என்றான் தம்பி.

"மாட்டுகிட்டயும் சொல்லி வச்சிருக்கணும்டா" என்றாள். அவன் வீட்டு டீயைத் தொடாமல் வந்துவிட்டாள்.

பிறகு யார் தானியம் கொண்டுவந்தாலும் ஒரு காளைக்குப் பத்து நாள் போட்டுப் பார்த்தே வாங்கினாள். வியாபாரிகள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தராசைப் போல அதுவும் ஒரு தராசு என்று பழகிவிட்டார்கள். அதிலிருந்து மூன்றாம் வருடம் தம்பி ஒரு மூட்டையோடு வந்தான். கிழக்கே குத்தகைக்கு எடுத்து விதைத்ததாகச் சொன்னான். பத்தாம் நாள் காலையில் மிச்ச மூட்டைகளை வண்டியில் ஏற்றி வந்து, மற்ற வியாபாரிகளோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். காளை சாவகாசமாகக் கிழக்கே திரும்பிப் படுத்தது. உண்மைதான் என்று சொல்லி, அவள் அவன் வண்டியில் இருந்ததை இறக்கச் சொன்னாள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.