விளிம்பில் இடித்த சக்கரம்

மார்ச் பதினைந்து தாண்டிவிட்டால் என் கை சும்மா இருக்காது. அன்றோடு பனிக்கால டயர் கட்டாயம் முடிகிறது. சட்டமே விட்டுவிட்டது, அப்புறம் எதற்கு அந்த முரட்டு டயர்களை மாட்டிக்கொண்டு ரோடெல்லாம் ஊளையிட்டபடி போக வேண்டும்? ஐந்து மாதம் வாசலில் பனியை அள்ளி அள்ளி முதுகு விட்டுப்போன கனடாவில் எங்கள் சிகூத்திமி ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பைத்தியம். இரண்டு நாள் வெயில் அடித்து கூரையில் தண்ணீர் சொட்டினால் போதும், கோடை டயரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

என் கணவன் ரேஜான் மட்டும் இதில் சேர மாட்டான். மெக்கானிக். முப்பது வருஷமாக அடுத்தவர் அவசரத்தில் பிழைக்கிறவன்.

"ஏப்ரல் முடியுற வரைக்கும் அதத் தொடாத, கிஸ்லேன். பனிக்கு சட்டம் படிக்கத் தெரியாது."

"வருஷா வருஷம் இதையே சொல்ற. புதுசா ஏதாவது இருந்தா சொல்லு."

அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு கராஜில் நாலு டயரையும் மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். சாயந்தரம் வந்து பார்த்தான். வாயோரத்தில் ஒரு சிரிப்பு சிரித்தான், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எனக்கு ஆகவே ஆகாதது அந்தச் சிரிப்புதான்.

ஏப்ரல் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. விடியும்போது வெளியே ஒரு சாண் பனி.

பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக வேண்டும், போகாமல் இருக்க முடியாது. இறக்கத்தில் மெதுவாகத்தான் இறங்கினேன். திருப்பத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன், கார் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தேன், அதற்கும் கேட்கவில்லை. ஈரத்தரையில் சோப்புக்கட்டி போல அது பாட்டுக்கு பக்கவாட்டில் போனது. முன்பக்கத்து வலது சக்கரம் நடைபாதையின் கருங்கல் விளிம்பில் டொம்மென்று இடித்து நின்றது.

இறங்கிப் பார்த்தேன். டயரில் காற்று இருந்தது. சக்கரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன நெளிசல். பெரிதாக ஒன்றுமில்லை என்று ஏறி ஓட்டினால், நேரே போகும்போதே ஸ்டீயரிங் கோணலாக நின்றது. கார் வலப்பக்கமாக இழுத்தது. நாற்பதைத் தாண்டியதும் கைக்குள் ஒரு நடுக்கம். மெக்கானிக் பெண்டாட்டி நான், இதெல்லாம் எதற்கு அடையாளம் என்று தெரியாதவள் இல்லை. உள்ளே சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு ஏதோ வளைந்திருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் வலது பக்கத்தைப் பனிக்குவியலோடு ஒட்டி நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு வேலைக்கு நடந்தே போனேன். பயந்துபோய்த்தான் நடந்தேன்.

பதினொன்றரை மணிக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தேன். மகள் நொயேமியின் செய்தி. இருபத்துமூன்று வயது. அன்று மூன்று மணிக்கு கெபெக் நகரத்தில் ஒரு ஆய்வகத்து வேலைக்கு நேர்காணல். பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு.

"பஸ் இன்னிக்கு இல்லையாம். உன் கார எடுத்துட்டேன்மா. பெட்ரோல் போட்டாச்சு, இனிமே பார்க்குதான். முத்தம்."

பார்க் என்றால் காடு. மலையும் ஏரியுமாக நீண்டு கிடக்கும் வழி, நூறில் பறக்கும் லாரிகள், பாதிக்கு மேல் போனில் சிக்னல் கிடையாது. கூப்பிட்டேன், போகவில்லை. பதினேழு தடவை கூப்பிட்டேன்.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ரேஜானின் கராஜுக்கு ஓடினேன்.

"பிக்கப்ப எடு. நொயேமி என் கார்ல பார்க்குக்குப் போயிட்டா."

அவன் முகம் வெளுத்தது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை கிரீஸைத் துடைக்காமலே வந்து ஏறினான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"கோடை டயர்ல போறாளேன்னு பயமா இருக்கு," என்றேன். அது பாதி உண்மை.

"ரோடு காஞ்சிருக்கு," என்றான். சொல்லிவிட்டு இன்னும் வேகமாக மிதித்தான்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"இப்பதானே கேட்ட."

"திரும்பக் கேட்டா சொல்ல மாட்டியா?"

"மொதல்ல அந்தக் கால ஆட்டாத."

"நீ ரோட்டப் பாரு."

ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சிவப்புக் காரைக் கண்டதும் கத்திவிட்டேன். என் கார் சிவப்பு. அது வேறு யாருடையதோ. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. வாயைத் திறந்தால் தூரம் எவ்வளவு என்பதுதான் வந்தது.

பாதி வழியில் பார்த்தோம். என் கார் ஓரத்துப் பனிக்குள் மூக்கைச் செருகிக் கிடந்தது. வலது முன்சக்கரம் ஒடிந்த கோழிக்கால் மாதிரி வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. இழுவை வண்டிக்காரர் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். நொயேமி பக்கத்தில் நின்றாள். முழுசாக நின்றாள். நேர்காணலுக்குப் போட்ட மெல்லிய ஷூ நனைந்துபோயிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"மன்னிச்சிரும்மா, உன் கார ஒடச்சிட்டேன். முதல்லேர்ந்தே ஆடுச்சு. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன். டப்புன்னு ஒரு சத்தம், சக்கரம் அது பாட்டுக்குப் போயிடுச்சு. எதிர்ல மரம் ஏத்துன லாரி. இவ்வளவு பக்கத்துல போச்சும்மா. அந்த லாரிக்காரர்தான் ரோட்டோரத்து அவசரப் போன்ல ஆளக் கூப்பிட்டாரு. நான் எங்கயோ பள்ளத்துல விட்டிருக்கேன் போல. அப்பா, திட்டாத."

பழியை அவளே எடுத்துக்கொள்கிறாள். நான் சும்மா இருந்தால் போதும். சும்மாதான் இருந்தேன். ஒரு நொடிதான், ஆனாலும் இருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நீ ஒடைக்கலடி," என்றேன். "நேத்து நான்தான் இடிச்சேன். உங்கப்பா சிரிப்பாருன்னு சொல்லாம விட்டுட்டேன்."

ரேஜான் மடங்கிய சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். நிமிரவே இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நேத்து சாயந்தரமே பாத்தேன். பனியத் தோண்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன். சக்கரத்தத் தாங்குற லோயர் ஆர்ம் வளைஞ்சு, அதச் சக்கரத்தோட சேக்குற பால் ஜாயிண்ட் பிடி விட்டு நின்னுச்சு."

"பாத்துட்டு ஏன்யா வாயத் திறக்கல?"

"நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். எத்தன நாளைக்கு மறைக்கிறன்னு பாக்கலாம்னு. காலைல நீ நடந்து போறத ஜன்னல்ல பாத்து, காபி குடிச்சுக்கிட்டே சிரிச்சேன்." கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது.

நொயேமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றாள்.

பிறகு இழுவை வண்டிக்காரரிடம் திரும்பினாள். "நீங்க எந்தப் பக்கம் போறீங்க?"

"கெபெக் பக்கந்தான்."

"என்னையும் ஏத்திக்கிறீங்களா? மூணு மணிக்குள்ள போகணும்."

"நாங்க கொண்டுவிடறோம், கண்ணு," என்று ரேஜான் எழுந்தான். "பிக்கப்புல ஏறு. உள்ள சூடா இருக்கு."

"வேணாம்பா," என்றாள். "அதுல என்ன ஒடஞ்சிருக்குன்னு நீங்க சொல்ல மாட்டீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இழுவை வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.