மீனுக்குக் கீழே சூரியன்

1

இந்தக் கதை ஒரு விசிற்றிங் கார்ட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2007 ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவில் என் நண்பர் அருளானந்தன் வீட்டு வரவேற்பறையில் அந்தக் கார்ட் கைமாறிக்கொண்டிருந்தபோது நானும் ஒரு கதிரையில் இருந்தேன். என் கையில் எண்ணெயில் பொரித்த பற்றிஸ் இருந்ததால் கார்ட் என்னிடம் வரவில்லை.

இதை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

“சீன எழுத்துகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஆமை ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும்” — வேண்டாம். அங்கிருந்து ஹவுகெட்டோவுக்கு வந்துசேர மூவாயிரம் ஆண்டுகள் பிடிக்கும்.

“வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அருளானந்தன் யன்னலோரம்” — கொட்டவில்லை. அது ஜூன் மாதம். ஒஸ்லோ என்று எழுதியதும் என் கை தானாகவே பனியைக் கொட்டிவிடுகிறது.

“அருளானந்தனின் பெயருக்குள் ஒரு மீன் இருந்தது.” — இது பரவாயில்லை. ஆனால் மாயக்கதை என்று நினைத்துவிடுவீர்கள். மீன் உண்மையிலேயே இருந்தது.

2

அருளானந்தனுக்குக் கப்பல் வால்வு செய்யும் ஒரு கம்பனியில் வேலை. கம்பனி அவரை ஷாங்காய்க்கு அனுப்ப முடிவெடுத்தது. ஒரு பக்கம் நோர்வேஜிய மொழியிலும் மறுபக்கம் சீனத்திலுமாகக் கார்ட் அடித்துக் கொடுத்தார்கள்.

(ஒரு சிறு விளக்கம். சீனத்தில் எழுத்துக்கூட்டி எழுதுவதில்லை. வெளிநாட்டுப் பெயர் வந்தால், அதே ஒலியுள்ள எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு. எழுத்துக்குள்ளேயே மீன், மழை, கை, வாய் என்று சின்னச் சின்ன உறுப்புகளும் உண்டு. உங்கள் பெயர் அழகாக ஒலித்துக்கொண்டே உள்ளே என்னவோ செய்துகொண்டிருக்கலாம்.)

‘அருளானந்தன்’ நீளம் என்று மொழிபெயர்ப்பாளர் ‘அரு’வோடு நிறுத்திக்கொண்டார். ‘ரு’ வராததால் ‘லு’ போட்டார். ஆக, 阿鲁.

கார்ட்டை வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் மகள் லீசா. பல்கலைக்கழகத்தில் சீனம் படித்துக்கொண்டிருந்தாள். (தமிழ்ப் பிள்ளை ஏன் சீனம் படிக்கிறாள் என்று நீங்களும் கேட்காதீர்கள். சனம் கேட்டு முடித்துவிட்டது.)

“முதல் எழுத்து சும்மா சத்தத்துக்கு, அப்பா,” என்றாள். “ரெண்டாவதைப் பாருங்கோ. மேல மீன். கீழ சூரியன்.”

“மீனோ?”

“ஓம். இந்த எழுத்தை அகராதியில தேடுறதே மீனுக்குக் கீழதான்.”

“அர்த்தம் என்ன?”

லீசா கொஞ்சம் தயங்கினாள். “மந்தம் எண்டு சொல்லலாம். மொக்கு மாதிரி.”

மொக்கு என்றதை அருளானந்தன் பொருட்படுத்தவில்லை. மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்ட்டை நோர்வேஜியப் பக்கத்துக்குத் திருப்பி மேசையில் வைத்தார்.

“இதை வாற ஆக்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு இராதை, என்ன.”

அப்பாவுக்கு மொக்கு என்ற சொல்தான் வெட்கம் என்று லீசா நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

3

அந்தச் சனிக்கிழமை வந்த ஆட்கள் துரொண்ட்ஹெய்ம் நகரத்தவர்கள்: கிறிஸ்ரியன், அவனுடைய தகப்பன் ரவீந்திரன், தாய் மக்டலீன். கிறிஸ்ரியனும் லீசாவும் ஒரு கோவில் இளையோர் முகாமில் சந்தித்து, இரண்டு வருடமாக விரும்பிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கூடிச் சம்மதித்தால் கலியாணம். இரண்டு வீட்டையும் தெரிந்தவன் என்பதால் நடுவில் என்னை இருத்தியிருந்தார்கள்.

ரவீந்திரனை வில்லனாக எழுதுவது சுலபம். யாழ்ப்பாணத்தில் தன்னுடைய குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம் என்பதை நோர்வேயில் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஆனால் அதே மனிதர்தான் ரயிலில் முழுத் தூரமும் கேக் பெட்டியை மடியில் வைத்து, கிறீம் கலையாமல் கொண்டுவந்தார். எனவே வில்ல

(அந்தச் சொல்லை அப்படியே விடுகிறேன். இன்னொன்று. ரவீந்திரன் என்பது நான் வைத்த பெயர். எழுதும்போதுதான் கவனித்தேன், ரவி என்றால் சூரியன். மீனுக்குக் கீழே அவராகவே வந்து உட்கார்ந்துவிட்டார். மாற்ற நினைத்தேன், கேக்கை நினைத்து விட்டுவிட்டேன்.)

கார்ட்டைக் கொண்டுவந்து காட்டியது அருளானந்தனின் மனைவி யோசெப்பின். “இவரைக் கொம்பனி சைனாவுக்கு அனுப்புது,” என்றார். அவருடைய பெருமையில் பிழை சொல்ல முடியாது.

“வடிவா இருக்கு,” என்றார் மக்டலீன். “என்ன எழுதியிருக்கு, பிள்ளை?”

லீசா தகப்பனைப் பார்த்தாள். மொக்கு என்பதைச் சொல்லாமல் விட்டால் போதும் என்று முடிவெடுத்தாள். “இது மீன், அன்ரி. கீழ இருக்கிறது சூரியன்.”

“வெயில்ல மீன் எண்டால்,” என்றார் ரவீந்திரன், பகிடியாக, “கருவாடெல்லோ.”

எல்லோரும் சிரித்தோம். அருளானந்தன் சிரிக்கவில்லை. ரவீந்திரன் அதைக் கண்டார். கண்டதும் அவருடைய சிரிப்பும் நின்றது.

“அண்ணை மன்னாரில எந்த இடம்?”

இந்தக் கேள்வி இடத்தைக் கேட்கிற கேள்வி அல்ல என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். என்ன சாதி, என்ன தொழில், உங்களோடு சம்பந்தம் வைக்கலாமா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

“ரவுண்தான், பட்டினத்துக்குள்ள,” என்றார் அருளானந்தன். “அப்பா அங்கை தலைமையாசிரியர்.”

எனக்கும் அதுதான் தெரியும். லீசாவுக்கும் அதுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

ரவீந்திரன் கார்ட்டைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். “நான் குறை சொல்லேல்லை. ஆனா கலியாணக் காட் அடிக்கிற நேரம் நாலு பேர் இதைப் பாத்துக் கடற்கரை ஆக்களோ எண்டு கதைப்பினம். மீனை எடுத்துவிடலாமெல்லோ? சீனத்தில மட்டும்தான். தமிழ்ப் பேர் இருக்கிறபடி இருக்கட்டும்.”

இப்படித்தான், ஹவுகெட்டோவில், இரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஒரு சீன எழுத்தின் மேற்பாதியைப் பற்றிக் கலியாணப் பேச்சுப் பேசத் தொடங்கின. நான் இதைக் கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

“பாப்பா, ஸ்லுத்,” என்றான் கிறிஸ்ரியன் நோர்வேஜிய மொழியில், தகப்பனை நிறுத்தச் சொல்லி. அவர் நிறுத்தவில்லை.

லீசா வேறு ‘லு’க்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். இவ்வளவு அமைதியாக அவளை நான் கண்டதில்லை. கோபம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

“இது 露. பனித்துளி. மேல மழை, கீழ ரோட்டு.”

“ரோட்டில நிக்கிற மாதிரி வரும்,” என்றார் ரவீந்திரன்.

“இது 鹭. ஒரு கொக்கு.”

“கொக்கு வடிவுதானே,” என்றார் மக்டலீன்.

“கொக்கு என்னத்தைத் தின்னும்?” என்று கேட்டார் கணவர். மக்டலீன் கேக்கை வெட்டினார்.

“இது 禄. பக்கத்தில இருக்கிறது பீடம், சாமிக்குப் படைக்கிற இடம். அர்த்தம், பாக்கியம். அரசாங்கச் சம்பளம் எண்டும் சொல்லலாம்.”

ரவீந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பீடமும் அரசாங்கச் சம்பளமும் ஒரே எழுத்தில். இதற்குமேல் ஒரு சம்பந்தியிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

“அண்ணை, இதைப் போடுவம்,” என்றார்.

4

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றேன். அருளானந்தன் மேல் எனக்கு நம்பிக்கையில்லாமல் போய்விட்டது. இவ்வளவு காலம் தலைமையாசிரியரின் மகன் என்ற பெயரைக் காப்பாற்றி வந்தவர், மகளின் கலியாணம் ஓர் எழுத்தில் தொங்கும்போது தலையாட்டிவிட்டுப் போக மாட்டாரா? ஒரு வடிவத்தில் அவரைத் தலையாட்ட வைத்தேன். கதை அழகாக முடிந்தது. வாசிக்க எனக்கே கூசியது.

நடந்தது இதுதான். அவர் லீசா எழுதிய தாளைப் பார்த்தார். பிறகு லீசாவைப் பார்த்தார்.

“மீனை எடுக்கேலாது,” என்றார்.

“ஏன் அண்ணை?”

“அப்பா தலைமையாசிரியர் இல்லை. மன்னாருக்குக் கிட்ட பேசாலைக் கடற்கரையில கருவாடு காயப்போட்டவர். நான் காகம் கலைச்சனான். பள்ளிக்கூடத்தில பக்கத்தில இருக்க மாட்டாங்கள், மணக்குது எண்டு. இஞ்சை வந்து இறங்கேக்கை ஆரோ கேட்டாங்கள், வாயில வந்ததைச் சொன்னன். பிறகு அது அப்பிடியே நிண்டுட்டுது.”

பற்றிஸைக் கடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“எனக்குத் தெரியும்,” என்றார் யோசெப்பின்.

அருளானந்தன் திரும்பினார். “ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. கலியாணம் கட்டின புதுசிலயே தெரியும். வெயில் எறிச்சால் நீங்கள் வெளியில போய் முதல் வானத்தைப் பாப்பியள். பிறகு வந்து, காயப்போட ஏதும் கிடக்கோ எண்டு கேப்பியள். வாத்தியாற்ற பிள்ளை அப்பிடிக் கேக்காது.”

அருளானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

லீசா வந்து அவருடைய கதிரைக் கையில் உட்கார்ந்தாள். “அப்பா, கீழ இருக்கிறது முந்திச் சூரியன் இல்லை. பழைய எழுத்தில அது வாய் எண்டு எங்கட லேரர், சீனம் படிப்பிக்கிறவ, சொன்னவ. மீனும் வாயும். நல்ல ருசி எண்டுதான் முதல் அர்த்தமாம். மொக்கு எண்டது பிறகு வந்தது.”

“உன்ர அப்பப்பான்ர கருவாடு ருசிதான்,” என்றார் அருளானந்தன்.

5

ரவீந்திரன் எழுந்து போவார் என்று நினைத்தேன். போயிருந்தால் கதைக்கு ஒழுங்கான உச்சம் கிடைத்திருக்கும். கிறிஸ்ரியன் போய் லீசாவுக்குப் பக்கத்தில் நின்றான். மகன் நின்ற இடத்தை ரவீந்திரன் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். பிறகு அந்தச் சங்கடத்திலிருந்து வெளியேற அவருக்குக் கிடைத்த ஒரே கதவு இதுதான் போலிருக்கிறது:

“பிள்ளை, என்ர பேரை எழுதினால் என்ன வரும்?”

லீசா பேனையை எடுத்தாள். ‘ர’வுக்கு 拉 எழுதினாள். கையால் இழுப்பது என்று அர்த்தம். எல்லா வெளிநாட்டாருக்கும் போடுவது. ‘வீ’க்கு ‘வேய்’ என்று ஒலிக்கும் எழுத்து வேண்டும். அங்கே பேனை நின்றது.

வாசகரே, ‘வேய்’கள் நிறைய. வல்லமை ஒன்று, 威. பயம் ஒன்று, 畏. ருசி ஒன்று, 味. இரைப்பை ஒன்று, 胃. போலி ஒன்று, 伪. தொனி கொஞ்சம் வித்தியாசம். ஒரு துரொண்ட்ஹெய்ம் தமிழருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவள் எழுதினாள். ரவீந்திரன் தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். அர்த்தம் கேட்கவில்லை.

“மீன் இல்லைத்தானே?”

“இல்லை, மாமா,” என்றாள் லீசா. அதுவரை அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

6

அருளானந்தன் பழைய கார்ட்டுகளோடேயே ஷாங்காய்க்குப் போனார். முதற்கார்ட்டை வாங்கிய மனிதர் சாண்டோங் மாகாணத்தவர். அந்த மாகாணத்தின் சுருக்கப் பெயரும் இதே 鲁 எழுத்துதானாம். அங்கே கார் இலக்கத் தகட்டிலும் அதைத்தான் போடுவார்களாம். “நீங்கள் எங்கட ஊரோ?” என்று கேட்டிருக்கிறார். யாராவது தன்னிடம் ஊர் கேட்டு, பதில் சொல்லச் சந்தோசமாக இருந்தது அதுதான் முதல் தடவை என்று அருளானந்தன் என்னிடம் சொன்னார்.

அடுத்த கோடையில் கலியாணம் நடந்தது. லீசா துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டாள்.

லீசா என்ன எழுதினாள் என்று நான் கேட்டேன். “அதை எழுதாதேங்கோ,” என்றாள். யோசித்துவிட்டு, “நீங்களும் ஊகிக்காதேங்கோ,” என்றாள். ஆகவே இந்த முடிவு என்னிடம் இல்லை.

ரவீந்திரன் அந்தத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் எழுதியது என்று காட்டுகிறார். கண்ணாடியில் தூசு படிந்தால் லீசாதான் துடைக்கிறாள். சீனம் வாசிக்கத் தெரிந்த விருந்தாளி எவரும் இதுவரை அந்த வீட்டுக்கு வரவில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரிந்து, எப்போதாவது அந்தப் பக்கம் போனால், முதலில் கேக்கைச் சாப்பிடுங்கள்.