காதோரம் தடித்த கண்ணாடி

சீதாலெட்சுமிக்கு எட்டத்தில் இருப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்து மூன்று மாதமாகியிருந்தது. பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டுகிறவள். தூக்கம் போதவில்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

1986 மார்ச்சில் ஒரு சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்கும்போது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இல்லாததற்கு விலகி, இருப்பதன் முன்னால் போய் நின்றாள். முழங்கையில் அடி. கணவன் அய்யாவு மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டுக்கு, உமையாள் தன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி செய்துகொடுத்தாள்.

வில்லையின் காதுப் பக்கம் தடிப்பாக இருந்தது.

"இது பிரிசம்க்கா. வெளிச்சத்தைத் தடிச்ச பக்கமா வளைச்சு விடும். ரெண்டு கண்ணுக்கும் ஒரே இடத்துல தெரியும். போட்டுப் பாருங்க."

போட்டாள். எதிர்க்கடையின் இரண்டு கதவுகளும் ஒன்றாயின. ஆனால் வெள்ளைக் கதவின் ஒரு ஓரத்தில் நீலமும் மறு ஓரத்தில் மஞ்சளும் கசிந்தன.

"கலர் கலரா தெரியுதே?"

"வெள்ளை வெளிச்சத்துல எல்லாக் கலரும் இருக்குக்கா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு வளையுது, அதான் பிரியுது. பழகிடும் லா."

"இதோட மைக்ரோஸ்கோப் பாக்கலாமா?"

உமையாள் தயங்கினாள். "இது வெளிச்சத்தைத்தான் திருப்பும். உங்க கண்ணு களைச்சதுக்கு இது ஒண்ணும் செய்யாதுக்கா."

அன்று முழுக்க அந்தப் பேச்சு சீதாலெட்சுமியை விடவில்லை. மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசர் இந்திராவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"மூணு மாசமாவா? ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா லைன்லேர்ந்து எடுத்துடுவீங்கன்னு பயம்."

"இப்ப மட்டும் பயமில்லையா?"

"இருக்கு. ஆனா முடியல. அலுத்துப்போச்சு."

இந்திரா பதிவேட்டைத் திறந்தாள். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றி எழுதினாள். பதினொரு வருட வேலை ஒரு கையெழுத்தில் முடிந்தது. சீதாலெட்சுமிக்கு அழுகைகூட வரவில்லை. உட்கார வேண்டும்போல் மட்டும் இருந்தது.

கேன்டீனில் வீரம்மா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே லைன், அடுத்த மைக்ரோஸ்கோப். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா, இந்தக் கண்ணாடி எந்தக் கடை?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கு மட்டுமில்ல. நாங்க நாலு பேரு."

சீதாலெட்சுமி பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, உமையாள் கடை விலாசத்தை எழுதத் தொடங்கினாள்.