நாலு நிமிட வாசகர்கள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகம் அதிகம் இரவல் போகிறதோ, அதையே கூடுதலாக வாங்குவதென்று முதல்வர் முடிவு செய்தார். நூலகரான என்னிடம் கணக்கு கேட்டார். எடுத்துப் பார்த்தால், இயற்பியல் துறைத் தலைவர் எழுதிய பாடநூல்தான் முதலிடம். ஒரே பருவத்தில் இருநூற்றுப் பத்து முறை போயிருந்தது. பாதி பழைய வினாத்தாள், மீதி எழுத்துப்பிழை. அதுதான் அந்தப் புத்தகம்.

நூலகக் குழுக் கூட்டத்தில் துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "பசங்க விரும்பிப் படிக்கிறாங்க. அம்பது பிரதி வாங்கிடுங்க மேடம்" என்றார்.

"திருப்பிக் கொடுத்த நேரத்தையும் பாருங்க சார்" என்று பட்டியலை முதல்வர் முன் வைத்தேன். காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு எடுத்தது பத்து ஆறுக்குத் திரும்பியிருந்தது. கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான்.

"நானூறு பக்கத்தை நாலு நிமிஷத்துலயா?" என்றார் முதல்வர்.

"இவர் புத்தகத்தோட இரவல் சீட்டைக் காட்டினாத்தான் செய்முறைத் தேர்வுல மார்க்காம் சார்."

"பசங்களை லைப்ரரிக்கு வரவைக்கத்தான்..." என்று துறைத் தலைவர் இழுத்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பித்தலாட்டத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆள்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பதினேழு பேர் காத்திருந்த கணிதப் புத்தகத்தில் பத்துப் பிரதி வாங்க முதல்வர் கையெழுத்திட்டார்.

மறுநாள் துறைத் தலைவர் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதிவை அழிச்சிட முடியுமா மேடம்?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பின்னாடி ஆள் நிக்கறாங்க சார், கொஞ்சம் நகருங்க."